அதே பேர்தானே

என் அப்பா உயிரோடு இருக்கிறார். இதை எழுதிக் காட்ட வேண்டிய நிலை வந்திருப்பதே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. இன்று காலையில்கூட அவர் எங்கள் ஊரான மவ்ரோலிதியில் பள்ளிக்கூடத்தின் பின்புறம், மழையில் சரிந்த மதிலைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்திரண்டு. பெயர் அர்கிரிஸ், ஃபோட்டிஸின் மகன். ஊருக்கு அவர் அர்கிரி மேஸ்திரி.

அவரைத் தங்கமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். கல்லைத் திட்டுவார். சுத்தியலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வருமாம். "இவன் பொய் சொல்றான்" என்று தூக்கி எறிவார். அம்மாவோடு சண்டை வந்தால் இரண்டு நாள் மதிலோடு மட்டும் பேசுவார். இடது காலில் மூன்று விரல்கள் கிடையாது. நாற்பதாம் வருஷக் குளிர்காலத்தில், அல்பேனிய மலையில் இத்தாலிக்காரனோடு சண்டை போட்டபோது பனியில் கருகிப்போனவை. அந்த விரல்களைப் பற்றி எந்த அரசாங்கக் கோப்பிலும் ஒரு வரி கிடையாது. கோப்பில் இருப்பது ஒரு அடுப்பு. நாற்பத்துமூன்றில் ஜெர்மன்காரன் ஊரில் இருந்தபோது, மலையில் மறைந்திருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு அப்பா ஒரு ரொட்டி அடுப்பு கட்டிக்கொடுத்தார். ஒரு நாள் வேலை, கூலி இரண்டு ரொட்டி. ஜெர்மன்காரன் போன பிறகு ஆட்சிகள் மாறின, அடுப்பு இடிந்தும் போனது. போலீஸ் நிலையத்துக் கோப்பில் மட்டும் அது இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு இரண்டே பெயர்தான். மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயரை வைக்க வேண்டும். அதனால் அர்கிரிஸின் மகன் ஃபோட்டிஸ், ஃபோட்டிஸின் மகன் அர்கிரிஸ் என்று மாறி மாறி வந்தது. அப்பாவுக்கு மகன் பிறக்கவில்லை. ஃபோட்டிஸை ஃபோட்டினி என்று ஆக்கி எனக்கு வைத்துவிட்டார்கள். அப்பாவின் தாத்தா பெயரும் அர்கிரிஸ்தான், அவரும் ஃபோட்டிஸின் மகன்தான். காகிதத்தில் பார்த்தால் இருவருக்கும் பிறந்த வருஷம் மட்டுமே வேறு. கிழவருக்கு 1858, அப்பாவுக்கு 1914.

கிழவர் 1938இல் இறந்தார். ஐந்து வருஷம் கழித்து, வழக்கப்படி குழியைத் திறந்து எலும்புகளை எடுத்தபோது, அப்பாதான் அவற்றை ஒயினில் கழுவினார். வெயிலில் காயவைத்து, பைன் பலகையில் தானே செய்த பெட்டியில் அடுக்கி, பெயரையும் இரண்டு வருஷங்களையும் நீலப் பெயின்ட்டில் எழுதி, கல்லறைத் தோட்டத்து எலும்பு அறையில் வைத்தார். மறுவருஷம் ஜெர்மன்காரன் ஊரைக் கொளுத்தினான். பதிவேடுகள் எரிந்தன. சண்டை ஓய்ந்த பிறகு ஞாபகத்திலிருந்தும் பழைய தாள்களிலிருந்தும் பதிவேட்டைத் திரும்ப எழுதினார்கள். அப்போது கிழவர் உயிரோடு உள்ளே வந்துவிட்டார். யாரும் திருத்தவில்லை. "உங்க தாத்தா நூறைத் தாண்டிட்டார் போல" என்று காபிக் கடையில் கிண்டல் செய்வார்கள். நாங்களும் சிரிப்போம். அன்றைக்கே அதைத் திருத்தியிருக்க வேண்டும்.

1961 செப்டம்பரில் நான் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினேன். எங்கள் வீட்டில் பத்திரிகையில் பெயர் வந்த முதல் ஆள் நான். தெசலோனிக்கிக்குப் போய்ச் சேர ஒரு காகிதம்தான் பாக்கி. நம் தேசப்பற்றைப் பற்றிப் போலீஸ் நிலையம் கொடுக்கும் சான்றிதழ். அது இல்லாமல் இந்த நாட்டில் கல்லூரியும் இல்லை, அரசாங்க வேலையும் இல்லை, லாரி ஓட்ட லைசென்ஸ்கூட இல்லை. அதைக் கொடுக்கிறவர் சார்ஜென்ட் கப்சாலிஸ். நாற்பது வயது, எப்போதும் ஷேவ் செய்த முகம், எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுவார்.

"பொண்ணு கெட்டிக்காரி, மேஸ்திரி. எனக்கும் பெருமைதான். எலெக்‌ஷன் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

தேர்தல் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஓட்டு எப்படி என்றால், ஒவ்வொரு கட்சிக்கும் தனிச் சீட்டு. எல்லாச் சீட்டையும் ஒரு உறையையும் கையில் கொடுப்பார்கள். திரைக்குப் பின்னால் போய் ஒன்றை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, மிச்சத்தைக் கூடையில் எறியலாம். ரகசியம் காக்க வந்த முறை. கப்சாலிஸ் அதைப் புரட்டிப்போட்டார். மிச்சச் சீட்டுகளை வெளியே கொண்டுவந்து, பள்ளி வாசலில் பிளேன் என்ற நிழல் மரத்தடியில் நிற்கும் ஊர்க்காவல் ஆட்களிடம் கொடுக்க வேண்டும். ஆளுங்கட்சிச் சீட்டு அந்தக் கட்டில் இருந்தால், அதை உறையில் போடவில்லை என்று அர்த்தம். வீடு வீடாக வந்து, காபி குடித்து, குழந்தைகளின் தலையைத் தடவி, இதைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை சாப்பிடும்போது நான் கேட்டேன். "அப்பா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் பேசாம இருந்துடேன்."

"ஓட்டுப் போடறதுல என்ன பேச்சு? வாயாலயா போடறோம்?"

"உனக்குப் புரியுது நான் என்ன சொல்றேன்னு."

"அவளைப் பயமுறுத்தாதீங்க" என்றார் அம்மா. அம்மாவின் பெயர் அசிமினா. எப்போதும் யாரையாவது யாரிடமிருந்தாவது காப்பாற்றிக்கொண்டே இருப்பார். "அவனுங்க சொல்றதைப் போட்டுட்டு வாங்க. சாமி கண்ணுக்கு எது எந்தக் கட்சின்னா தெரியப்போகுது?"

அப்பா பீன்ஸ் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை நானும் கூடப் போனேன். எனக்குப் பதினெட்டு வயது, ஓட்டுப் போட இருபத்தொன்று ஆக வேண்டும். அவர் வாயைக் கட்டிப்போடத்தான் போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நான் படித்த அதே வகுப்பறை. மேஜைக்குப் பின்னால், நகரத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒரு இளம் வக்கீல் தேர்தல் அதிகாரியாக உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் மை. அப்பாவின் வாக்காளர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், பட்டியலில் தேடினார், நிமிர்ந்தார்.

"நீங்க ஓட்டுப் போட்டாச்சே."

"இப்பதான் வரேன்."

"அர்கிரிஸ், ஃபோட்டிஸின் மகன். இதோ பாருங்க, காலையில ஏழு மணிக்கே கோடு போட்டாச்சு."

எனக்கு உடனே புரிந்தது. விடியற்காலையில் ஒரு லாரி வந்ததை ஊரே பார்த்திருந்தது. அதில் வந்த ஊர்க்காவல் ஆட்களுக்கு யாரோ இறந்தவர்களின் பெயர்களைக் கொடுத்திருக்கிறார்கள். கிழவர் பெயரும் அதில் ஒன்று. கோடு போட்டவன் பிறந்த வருஷத்தைப் பார்க்கவில்லை. கண்ணில் பட்ட முதல் அர்கிரிஸை அடித்துவிட்டான். பொய்யைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர்கள். நல்ல கொத்தனாரிடம் விட்டிருந்தால் மட்டம் பார்த்துச் செய்திருப்பார்.

அப்பா குனிந்து பட்டியலைப் பார்த்தார். "நீங்க அடிச்சது என் பேரை. அடிக்காம விட்டது எங்க தாத்தா பேரை. அவர் செத்து இருபத்துமூணு வருஷமாச்சு."

வக்கீல் வாசலைப் பார்த்தார். கப்சாலிஸ் அங்கே கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "இந்த வரி காலியாத்தானே இருக்கு. இதுல போட்டுட்டுப் போயிடுங்களேன்."

"செத்தவர் பேர்லயா?"

"பேர் ஒண்ணுதானே ஐயா."

அப்பாவின் கழுத்து சிவந்தது. அவர் வாய் திறக்கும் முன் நான் அவர் கையைப் பிடித்தேன். என் சான்றிதழ் கதவில் சாய்ந்து நின்றது.

"அதே பேர்தானே, அப்பா" என்றேன். "போட்டுட்டு வா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்லைத் தட்டிவிட்டுக் காது கொடுப்பாரே, அப்படி ஒரு பார்வை. பிறகு சீட்டுகளையும் உறையையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். வக்கீல் நேர்மையாக இருக்க நினைத்தாரோ, பயந்தாரோ, கிழவரின் வரிக்குப் பக்கத்தில் அப்பாவின் வாக்காளர் புத்தக எண்ணைக் குறித்துவைத்தார்.

வெளியே பிளேன் மரத்தடியில் கப்சாலிஸ் கையை நீட்டினார். "மிச்சச் சீட்டு எங்க, மேஸ்திரி?"

"தாத்தாவைக் கேளுங்க. ஓட்டு அவரோடது."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கப்சாலிஸும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் பிறகு விலை கேட்டார்.

தேர்தல் முடிந்ததும் எதிர்க்கட்சிகள் ஆட்சேபம் கிளப்பின. நாடு முழுக்க இறந்தவர்களும் மரங்களும் ஓட்டுப் போட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் தொகுதியில் தோற்ற வேட்பாளர் மவ்ரோலிதியில் மட்டும் பதினேழு இறந்தவர்கள் ஓட்டுப் போட்டிருப்பதாகப் பட்டியல் கொடுத்தார். விசாரணை வந்தது. பதினாறு பேர் விஷயத்தில் போட்டது யாரென்று தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். பதினேழாவது வரியில் ஒரு எண் இருந்தது. ஆக, எங்கள் ஊரில் இறந்தவர் பெயரில் ஓட்டுப் போட்ட குற்றத்துக்கு வழக்கு வந்தது ஒரே ஒருவர் மேல். தன் ஒற்றை ஓட்டைப் போட வந்து, அதைத் திருடியவர்கள் சொன்ன இடத்தில் போட்டுவிட்டுப் போனவர் மேல்.

கப்சாலிஸ் அப்பாவை நிலையத்துக்குக் கூப்பிட்டார். நானும் போனேன். மேஜையில் டைப் அடித்த தாள் தயாராக இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் தூண்டித்தான் இறந்தவர் பெயரில் ஓட்டுப் போட்டேன் என்று அதில் எழுதியிருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து, மேஸ்திரி. கேஸ் போயிடும். பொண்ணு தெசலோனிக்கிக்குப் போயிடும்."

அப்பா தாளை மெதுவாகப் படித்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "இதைப் போட்டா மிச்சம் பதினாறும் அவங்க தலையில விழுமே?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

"சுவர்ல ஒரு கல்லு பொய்க்கல்லா வச்சா, மேல வர்ற கல்லெல்லாம் அதுமேலதானே சார் உக்காரும்?"

"கவிதையெல்லாம் வேண்டாம்."

"கவிதை இல்லை. தொழில்."

கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்கு வரும்போது நான் அவரை விட்டு முன்னால் நடந்தேன். அவர்மேல் எனக்கு அன்று எவ்வளவு கோபம் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கப்சாலிஸ்மேல் வர வேண்டிய கோபம் அவ்வளவும் அப்பாமேல் வந்தது. ஏன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அப்பாமேல் கோபப்பட யாருடைய சான்றிதழும் தேவையில்லை என்பதுதான் காரணமோ என்னவோ. பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் இடத்தைப் பிடித்துவைப்பதாகச் சொன்னார்கள். அந்த வருஷம் முழுக்கக் காயப்போடுவதற்குப் புகையிலை இலை கோத்தேன்.

வழக்கு மார்ச் மாதம் நகரத்துக் கோர்ட்டில் வந்தது. காலை பஸ்ஸில் அப்பா ஒரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் பழைய மேஜை விரிப்பில் கட்டிய மூட்டை. சாப்பாடு என்று நினைத்தேன்.

குமாஸ்தா கூப்பிட்டார். "அர்கிரிஸ், ஃபோட்டிஸின் மகன்."

அப்பா எழுந்து போய் வக்கீல்கள் மேஜையில் மூட்டையை வைத்து அவிழ்த்தார். பைன் பெட்டி. நீல எழுத்து. எலும்பு அறையின் சாவி கோயிலில் ஆணியில் தொங்கும். கேட்காமலே எடுத்திருக்கிறார்.

"வந்திருக்கார்" என்றார் அப்பா.

"என்ன இது?" என்று கேட்டார் நீதிபதி. வயதானவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க கூப்பிட்டவரு, ஐயா. குற்றப் பத்திரிகையைப் பாருங்க. பொறந்த வருஷம் ஆயிரத்து எண்ணூத்தி அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. நான் பதினாலு. அது நான் இல்லை, இவர்தான்."

பட்டியலில் இருந்த வரியை அப்படியே நகலெடுத்துக் குற்றப் பத்திரிகை எழுதியிருந்தார்கள். மறுபடி அதே சோம்பேறித்தனம். பின்வரிசையில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. ஒரு பெட்டி எலும்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்த மேஸ்திரியின் மகள் என்று எல்லாரும் என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. பதினேழு பிணங்களை ஓட்டுப் போட வைத்தவர்களுக்கு அந்தக் கோர்ட்டில் வெட்கம் இல்லை. எனக்கு இருந்தது.

"பெட்டியை மூடுங்க" என்றார் நீதிபதி.

"திறக்கவே இல்லைங்க. மேல எழுதினதைப் படிங்க, போதும்."

நீதிபதி படித்தார். அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீல் தன் தாளைப் பார்த்தார். இந்த வழக்கு யார் கையைச் சுடப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. கால் மணி நேரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. "குற்றம் சாட்டப்பட்ட அர்கிரிஸ், ஃபோட்டிஸின் மகன், இறந்துவிட்டதாகத் தெரியவருவதால் வழக்கு முடித்துவைக்கப்படுகிறது." ஓட்டைத் திருடியது யார் என்று ஒரு வார்த்தை இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவுக்கு நல்ல சந்தோஷம். பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "கிழவர் நல்லாத்தான் சாட்சி சொன்னார்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பரில், பிடித்துவைத்த இடம் போவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, கப்சாலிஸ் எனக்கு ஆள் அனுப்பினார். தனியாக வரச் சொல்லி.

"உன் கோப்பு சுத்தமா இருக்கு, ஃபோட்டினி. உங்க அப்பா கோப்புதான் குறுக்க நிக்குது. அந்த அடுப்பு." மேஜையில் தீர்ப்பின் நகலை விரித்துவைத்திருந்தார். "ஆனா பாரு, கோர்ட்டே சொல்லியிருக்கு. இறந்துவிட்டதாகத் தெரியவருகிறது. அப்பா இறந்தவர்னு நீ ஒரு அறிவிப்பு எழுதிக் கொடுத்தா, அவரோட அடுப்பும் அவரோட போயிடும். நான் சான்றிதழ் எழுதிடறேன்."

"இது அப்பாவோட தாத்தாவைப் பத்தின தீர்ப்பு."

"அதே பேர்தானே?" என்றார்.

அந்த வார்த்தையை யார் வாயிலிருந்து எடுத்தார் என்று அவருக்குத் தெரியும். கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர். அவருக்கு என்மேல் பரிவு கிடையாது. மரத்தடியில் தன்னைப் பார்த்து மற்றவர்களைச் சிரிக்க வைத்தவனை அவன் மகள் கையாலேயே புதைக்க வேண்டும், அவ்வளவுதான். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது என்று எழுதினால் அதுவும் பொய். அங்கேயே புரிந்தது. புரிந்துகொண்டே எழுதினேன். "என் தகப்பனார் அர்கிரிஸ், ஃபோட்டிஸின் மகன், காலமானார்." பிறந்த வருஷம் எழுதும் இடத்தை நான் காலியாக விட்டேன். அவர் வாங்கி 1914 என்று நிரப்பினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிச்சமிருக்கிறவங்களுக்கு ஆயுசு" என்றார் கப்சாலிஸ். சாவு வீட்டில் நாங்கள் கையைப் பிடித்துச் சொல்கிற வார்த்தை.

வீட்டில் சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அப்பா கைகளைக் கழுவாமலே என்னைக் கட்டிக்கொண்டார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு. "ஆளு கெட்டவன்தான், ஆனா பிள்ளைங்க விஷயத்துல மனசு இருக்கு" என்றார். மறுநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நாங்கள் காய்ச்சிய சிபுரோ சாராயத்தில் ஒரு புட்டியை எடுத்துப்போய்க் கப்சாலிஸுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நன்றி சொல்ல. கப்சாலிஸ் ஒரு கிளாஸ் ஊற்றி, "உங்க ஆரோக்கியத்துக்கு, மேஸ்திரி" என்று குடித்தாராம். அப்பா இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். 

1963 நவம்பரில் மறுபடி தேர்தல். நான் அப்போது இரண்டாம் வருஷ மாணவி, லீவில் வந்திருந்தேன். அப்பா என்னை வற்புறுத்திக் கூட்டிப்போனார். அதே வகுப்பறை, வேறு வக்கீல். இந்த முறை மரத்தடியில் யாரும் இல்லை, கப்சாலிஸ் மாற்றலாகிப் போயிருந்தார். அப்பா சத்தமாகச் சொன்னார், "பொறந்த வருஷத்தைப் பாத்து அடிங்க, ஐயா. பதினாலு."

வக்கீல் தேடினார். புருவம் சுருங்கியது. "பதினாலுல ஒருத்தர் இருந்தார். நீக்கியாச்சு. இறந்தவர்னு." விரலால் வரியைத் தொடர்ந்து போய்ப் படித்தார். "மகள் ஃபோட்டினி கையெழுத்திட்ட அறிவிப்பின்படி. செப்டம்பர் அறுபத்திரண்டு."

அப்பா திரும்பவில்லை. அவர் முதுகை மட்டும் பார்த்தேன்.  அவர் வாயைத் திறந்து, நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அறிவிப்பு பொய் ஆகியிருக்கும். சான்றிதழ் போயிருக்கும். படிப்பு போயிருக்கும். அது அவருக்கும் தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், இதை ஒரு நொடியில் படித்துவிட்டார்.

"சரிதான்" என்றார். "எழுதினது சரிதான்."

"என்ன ஐயா சொல்றீங்க? எதிர்ல நிக்கறீங்களே."

"கோர்ட்டே சொல்லியிருக்கு நான் செத்துட்டேன்னு."

வக்கீல் குழம்பிப்போய்ப் பட்டியலைத் திருப்பினார். "இங்க 1858னு இன்னொருத்தர் இருக்கார். அதுல வேணும்னா... அதே பேர்தானே."

"வேண்டாம். ஒரு தடவை ஓட்டுப் போட்டதுக்கே அவரைக் கோர்ட்டுக்கு இழுத்தாங்க" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே வந்தார்.

வீடு வரை நொண்டி நொண்டி முன்னால் நடந்தார். அவர் திட்டியிருக்கலாம். கல்லைத் திட்டுகிற மாதிரி, பொய் சொல்றா என்று தூக்கி எறிந்திருக்கலாம். சாப்பிட உட்கார்ந்ததும், "அடுத்த பரீட்சை எப்போ?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் இன்னொரு தேர்தல் வந்தது. அவர் போகவில்லை. அன்று நான் ஊருக்கு வரவும் இல்லை. கடிதத்தில் அம்மா எழுதியிருந்தார், அப்பா நாள் முழுக்கக் கோழிக்கூட்டைப் பிரித்துக் கட்டினார் என்று.

போன கோடையில் பட்டம் வாங்கினேன். ஜனவரியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை வேலைக்கு ஆணை வந்தது. வீட்டில் கொண்டாடினார்கள். என்னால் முடியவில்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பெரிய பட்டியல் சொல்வேன். நாட்டை, சட்டத்தை, கப்சாலிஸை, மை விரல் வக்கீலை, கண்ணாடி துடைத்த நீதிபதியை. அந்தப் பட்டியலில் என் பெயரையும் எழுதாவிட்டால் அதுவும் பொய்ப் பட்டியல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்மேல் கோபப்படுவது சுலபமான வேலை. வீட்டுக்குள் உட்கார்ந்து செய்துகொள்ளலாம். அதனால் யார் பெயரும் பட்டியலில் ஏறாது. இந்த 1967 மே மாதத்தில் தேர்தல் என்று பேச்சு. வாக்காளர் பட்டியலைத் திருத்த இந்த மாதம்தான் கெடு.

இன்று காலை பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் எங்கள் ஊர்க்காரர்தான், அப்பா அவர் வீட்டுக்கு மாடிப்படி கட்டியவர். நான் எழுதிக்கொண்டுபோன தாளைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தி, அதையே வாய்விட்டுப் படித்தார்.

"என் தகப்பனார் உயிரோடு இருக்கிறார். 1962 செப்டம்பரில் நான் பொய் எழுதினேன். இதை வாங்கி நான் மேல அனுப்பினா என்ன ஆகும்னு தெரியுமா, ஃபோட்டினி?"

"தெரியும்."

"வேலை ஆணையை நிறுத்துவாங்க. கேஸ்கூடப் போடலாம்."

"தெரியும்னு சொன்னேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "இன்னொண்ணு. ரெண்டு அர்கிரிஸும் உயிரோட இருந்தா மறுபடி குழப்பம் வரும். யாராவது ஒருத்தர் செத்தாகணும்."

"செத்தவரைச் சாகடிங்க."

"அவருக்கு மரணச் சான்றிதழ் இருக்கா?"

"எலும்பு இருக்கு."

"அம்மா தாயே, அதை மறுபடி தூக்கிட்டு வந்துடாதே" என்றார் அவர் அவசரமாக. "பாதிரியார்கிட்ட ஒரு கடிதம் வாங்கிக் கொடு, போதும். இந்தத் தாளை வேணும்னா அடுத்த வாரம் அனுப்பறேன். நீ யோசிச்சுக்கோ."

"இன்னைக்கே அனுப்புங்க. முத்திரை வைங்க, நான் பாக்கணும்."

முத்திரை வைத்தார். மை சரியாக ஒட்டவில்லை. இன்னொரு முறை வைக்கச் சொன்னேன்.

அங்கிருந்து பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போனேன். அப்பா மதிலின் மூன்றாம் வரிசையில் இருந்தார். சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"யாரைக் கேட்டுச் செஞ்ச?"

"போன தடவையும் யாரையும் கேக்கல."

அவருக்குக் கோபம் வந்தது. எனக்காகப் பேசாமல் இருந்த மூன்று வருஷமும் முகத்தில் ஏறியது. "வேலை போயிடும்டி. நான் எதுக்கு அன்னைக்கு வாயை மூடிட்டு வந்தேன்? ஒரு சீட்டுக்காகவா உன் படிப்பைக் கொண்டுபோய் அவனுங்க வாயில போடுவ?" என்று கத்தினார். நானும் கத்தினேன். உன்னைச் செத்தவன் ஆக்கிட்டு நான் எந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பேன் என்று கேட்டேன். ஜன்னலில் இரண்டு மூன்று குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா ஒரு கல்லை எடுத்தார், தட்டினார், கேட்டார், இன்னொரு முறை தட்டினார். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.  நான் உட்கார்ந்திருந்தேன்.

"உனக்கும் இந்தத் தடவை ஓட்டு இருக்கு, இல்ல?" என்றார், திரும்பாமல்.

"இருக்கு."

"அப்போ விடியறதுக்கு முன்னாடியே போயிடணும். ஏழு மணிக்கு அவனுங்க லாரி வந்துடும். கதவு திறக்கும்போது நம்ம ரெண்டு பேரும்தான் முதல்ல நிக்கணும்."

"உன்னால அவ்வளவு நேரம் நிக்க முடியாது. காலு."

"முக்காலியைத் தூக்கிட்டு வா" என்றார்.